கருவேப்பிலை நிற்கும் மூலை

வெள்ளவத்தைக் கடலிலிருந்து வரும் மாலை வெயில், படங்கள் கழற்றிய சுவரில் ஏறி நிற்கிறது. "தொடர்மாடி வீடுதானே, காணிப் பங்கோடயா விக்கிறீங்க?" என்று வாங்க வந்த பஸீஹா கேட்கிறாள். "ஓம், எட்டில ஒரு பங்கு," என்கிறார் யோகராஜ். "எந்தப் பக்கம்?" பிரிக்காத பங்கைக் காட்ட முடியாதென்று அவர் சொல்லுமுன், விற்க மனமில்லாமல் பல்கனியில் ஒதுங்கி நின்ற மனைவி கமலவேணி கீழே கை நீட்டுகிறாள். "அந்தக் கருவேப்பிலை நிக்கிற மூலை." அவள் நட்ட மரம். யோகராஜ் சிரிப்பை அடக்குகிறார். கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி இரைந்து கடந்து அடங்கியதும், கீழ்வீட்டுப் பெண் அண்ணாந்து கூப்பிடுகிறாள். "அக்கா, ஒரு கொப்பு முறிக்கட்டோ?" எட்டு வீட்டுக்கும் பொதுவான மண்தான், ஆனாலும் எல்லோரும் கமலவேணியிடம்தான் கேட்பார்கள். அவள் பஸீஹாவின் தோளைத் தொட்டு முன்னே நிறுத்துகிறாள். "இனி இவவைக் கேளும், பிள்ளை."