கிளட்ச்சில் காற்று

நவம்பர் 26, புதன். கிளட்ச்சின் பழைய சிலிண்டரைக் கழற்றிய பிறகு, ஞாபகமில்லாமல் பெடலை ஒரு தடவை மிதித்துவிட்டேன். எண்ணெய் முழுக்கத் தரையில். குழாய் முழுக்கக் காற்று. அதை வெளியேற்றாமல் கிளட்ச் வேலை செய்யாது. தவறு என்னுடையதுதான்.

மெக்கானிக் மாலை வகுப்பு நோட்டில் இப்படி எழுதி வைத்துவிட்டுத்தான் டெஸ்ஸா காருக்கு அடியில் நுழைந்திருந்தாள்.

“மிதிங்க.”

“மிதிச்சாச்சு” என்றார் மேலே டிரைவர் சீட்டிலிருந்த வெர்னன்.

“அப்படியே பிடிச்சுக்கோங்க. நான் திருகை மூடிட்டு சொல்றேன், அப்புறம் காலை எடுங்க.”

காற்றை வெளியே விடும் திருகை ஸ்பேனரால் தளர்த்தினாள். எண்ணெயும் குமிழ்களுமாக மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியே வந்து, காலி ஊறுகாய் பாட்டிலுக்குள் சொட்டின. அவள் திருகை மூடுவதற்குள், சொட்டிக்கொண்டிருந்த எண்ணெய் சரேலென்று குழாயில் பின்வாங்கியது. போன காற்று திரும்ப உள்ளே வந்துவிட்டது.

“காலை எடுத்துட்டீங்களா வெர்னன்?”

“வழுக்கிடுச்சும்மா. பூட்ஸெல்லாம் பனி.”

“லாரி ஓட்டுற கால். ஒரு பெடலைப் பிடிச்சிட்டு உக்காரத் தெரியலையா?”

“லாரி பெடல்னா மல்லுக்கட்டணும். இது பூனைக்குட்டியை மிதிக்கிற மாதிரி இருக்கு.”

டெஸ்ஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மணிக்குள் கிளம்பினால்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பா இருக்கும் ராப்பிட் சிட்டி போய்ச் சேர முடியும். நாளை தேங்க்ஸ்கிவிங், குடும்பமெல்லாம் கூடிச் சாப்பிடும் பண்டிகை. அவளுடைய அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு, ‘இந்த வருஷம் எங்களோட சாப்பிட வா’ என்று கூப்பிட்டது இதுதான் முதல் முறை. பெட்டி நேற்றே பின் சீட்டில் ஏறிவிட்டது. வெர்னனின் வண்டியை அம்மா ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இருப்பது இந்தப் பழைய கார் ஒன்றுதான். உதவிக்கு, அம்மாவின் இரண்டாவது கணவரான இந்த வெர்னனை விட்டால் வேறு ஆளில்லை.

“மிதிங்க.”

“சாயங்காலம் பனிக்காத்து அடிக்குமாம். ரேடியோல சொன்னான்.”

“மிதிங்க வெர்னன்.”

“மிதிச்சிட்டுத்தான் பேசறேன். உங்கம்மா நம்ம மூணு பேருக்கும் சேர்த்துத்தான் வான்கோழி வாங்கியிருக்கா. ஒரு யானையே சாப்பிடலாம், அவ்வளவு பெரிசு.”

மறுபடியும் எண்ணெய் பின்வாங்கியது. மறுபடியும் காற்று.

“வெர்னன்!”

“கால் மரத்துப்போச்சும்மா.”

டெஸ்ஸா மல்லாந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். கோபம் அவர் மேல் வந்தாலும் சந்தேகம் தன் மேல்தான் வந்தது. ஒருவேளை தன் கைதான் மெதுவோ? மூடுவதற்கு முன்பே ஏதாவது சொல்லித் தொலைக்கிறோமோ? வகுப்பில்கூட, திருகை மூட அதிக நேரம் எடுத்துக்கொண்டவள் அவள்தான்.

தன் கையை நம்ப முடியாவிட்டால், கை தவறினாலும் கெடாத வழியைப் பார்க்க வேண்டும். டின்னிலிருந்து புது எண்ணெயை ஊறுகாய் பாட்டிலில் பாதிவரை ஊற்றினாள். குழாயின் நுனியை அதற்குள் நன்றாக மூழ்கடித்து, நகராமல் டேப் ஒட்டினாள். இனி யார் எப்போது காலை எடுத்தாலும் குழாய் எண்ணெயைத்தான் உறிஞ்சும். காற்றை உறிஞ்ச முடியாது.

“என்ன பண்றே?” என்றார் வெர்னன் மேலேயிருந்து.

“என் கை தாமதமாகுதுன்னு நினைக்கிறேன். அதுக்கு ஒரு ஏற்பாடு. நீங்க இஷ்டத்துக்கு மிதிச்சு மிதிச்சு எடுங்க.”



“இருட்டப் போகுது டெஸ்ஸா. நாளைக்குப் பார்த்துக்கலாமே.”

“மணி ரெண்டரைதான் ஆகுது. மிதிங்க.”

மிதித்தார். குமிழ்கள் பெரிதாக வந்தன, பிறகு சிறிதாக, பிறகு வரவேயில்லை. திருகை இறுக்கிவிட்டு, மேலே எண்ணெய்த் தொட்டியை நிரப்பிவிட்டு, டெஸ்ஸா கார் கதவருகே வந்து, கையாலேயே பெடலை அழுத்திப் பார்த்தாள். துளிக் காற்றில்லை, கல் மாதிரி நின்றது.

வெர்னன் சீட்டிலிருந்து இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பூட்ஸைப் பார்த்தாள் டெஸ்ஸா. காய்ந்து கிடந்தது.

“வழுக்கலை. வேணும்னுதான் எடுத்தீங்க.”

“ஆமா.”

“நான் அப்பா வீட்டுக்குப் போறது உங்களுக்கு அவ்வளவு பொறுக்கலையா? ஒரே ஒரு தேங்க்ஸ்கிவிங். அதுக்கே இப்படியா? தள்ளுங்க, நான் கிளம்பணும்.”

அவர் தள்ளவில்லை.

“காலைல உங்கப்பா நம்ம வீட்டு நம்பருக்கு போன் பண்ணார். அவங்க எல்லாரும் அந்தம்மாவோட சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறாங்களாம். உன்னை வர வேண்டாம்னு சொல்லச் சொன்னார். உன்கிட்ட நேரா சொல்ல அவருக்குத் தைரியம் வரலை” என்றார் வெர்னன். “நீ அவர் மேல வருத்தப்படுறதுக்கு, கிளட்ச் மேல கோவப்படுறது தேவலைன்னு நினைச்சேன்.”

டெஸ்ஸா ஸ்பேனரைத் துணியில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு பின் கதவைத் திறந்து பெட்டியை வெளியே எடுத்தாள்.

“நாளைக்குக் காலைல பிரேக்லயும் காத்து எடுக்கணும்” என்றாள். “நாலு சக்கரம். நீங்கதான் மிதிக்கணும்.”