ஆளுக்கொரு குப்பைத்தொட்டி

கம்ப்யூட்டரில் இடமே இல்லை என்று கூப்பிட்டதும் வந்த சர்வீஸ் பையன் அன்வர், மறைந்திருந்த ஃபோல்டர்களைத் திறந்து வசுமதிக்குக் காட்டினான்.

"அழிச்சதெல்லாம் இங்கதான்க்கா கெடக்கு. லாகின் தனித்தனியா இருக்கறதால உங்களுக்கு ஒரு குப்பைத்தொட்டி, சாருக்கு ஒண்ணு. ரெண்டும் ரொம்பியிருக்கு."

மகள் இறந்த பிறகு, கணவர் கண்ணில் படக்கூடாதென்று தன்னிடமிருந்த அவள் படங்களை வசுமதி அழித்திருந்தாள். தொட்டியை மட்டும் காலி செய்யவில்லை. "நானும் அழிச்சுட்டேன்" என்று கணவர் சொன்னதை நம்பியிருந்தாள்.

அவருடைய தொட்டியில் ஒரு வீடியோ மேலே இருந்தது. விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மகள் சிரிக்கும் வீடியோ. அழித்த தேதி இன்றைக்கு, காலை.

"இன்னைக்கா?"

"வெளிய எடுத்துப் பாத்துட்டுத் திரும்ப அழிச்சா தேதி மாறிடும்க்கா. ரெண்டையும் காலி பண்ணிடவா?"

வசுமதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் தம்பி. முன்ன இருந்த மாதிரியே மறைச்சிடுங்க."

அவன் மறைத்தான். கணவர் டீ டம்ளர்களோடு வந்தார்.

"இடம் கெடச்சுதா?"

"இல்லைங்க" என்றாள் வசுமதி, டம்ளரை வாங்கிக்கொண்டு.