சுவரை ஒட்டி ஒரு வால்வு

"மூணு அடி தள்ளி வைக்கணுமா? அப்புறம் நான் எதுக்கு மூணு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டேன்?"

டிசைன் மேடம் வரைபடத்தை மேசையில் தட்டினார். மீன் பதப்படுத்தும் ஆலையின் குளிர் அறைகளுக்கான புது ஹீட் எக்ஸ்சேஞ்சர். பழையதில் பாதி அம்மோனியா போதும். கரண்டில் பன்னிரண்டு சதவீதம் மிச்சம் என்று நிர்வாகத்திடம் சொல்லியாகிவிட்டது. அதற்காகவே குழாயைக் குறுக்கி, மெஷினைச் சுவரோடு ஒட்டி வரைந்திருந்தார்.

மெஷின் ரூம் ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார்.

"எண்ணெய் வடிக்கிற வால்வு பின்பக்கம் இருக்கு மேடம். ஒருக்களிச்சுத்தான் உள்ள போகணும். வடிக்கிறப்ப அம்மோனியா கேஸ் பீறிட்டு வந்தா ஓட வழியில்ல. அங்க நிக்கப்போறது நான்தான்."

"வாரத்துல பத்து நிமிஷ வேலை! அதுக்காக வருஷம் பூரா கரண்டை வீணாக்கணுமா? தொப்பையைக் குறைங்க, தாராளமாப் போகலாம்."

கூட்டத்துக்கு வந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஆபரேட்டரும் சிரித்துவைத்தார்.

கிளம்பியவர் வாசலில் நின்றார்.

"சொல்ல மறந்துட்டேன் மேடம். பேக்கிங்ல இருக்கிற உங்க மாப்பிள்ளையை என் இடத்துக்கு மாத்துறாங்களாம். புது மெஷினை இனிமே அவர்தான் பார்த்துக்கப்போறார்."

"அப்படியா... நல்லது" என்றார் மேடம்.

நல்லதாகப் படவில்லை. மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டால், வேலை நேரத்தில் அது லாக்கரில் கிடந்து அடித்தது.

மேடம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கணக்கை முதலிலிருந்து போட்டார். குழாய் நீண்டது, மிச்சம் பதினொன்றாக இறங்கியது. ஒரு சதவீதத்தில் என்ன குடியா முழுகிவிடும் என்று நிர்வாகத்திடமும் அவரே பேசிச் சம்மதம் வாங்கினார்.

மாலையில் ஆபரேட்டரைக் கூப்பிட்டார்.

"பாருங்க, மூணு இல்ல, நாலு அடி. பக்கத்துலயே வெளிய ஓட ஒரு கதவு வேற. மாப்பிள்ளைக்குப் போதும்ல?"

ஆபரேட்டர் வால்விலிருந்து கதவுவரை விரலை ஓட்டிப் பார்த்தார். மூச்சு நிதானமாக வந்தது.

"தாராளம் மேடம். காலைல ஒரு பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க. உங்க மாப்பிள்ளை பேக்கிங்லயேதான் இருக்கார். அங்க நிக்கப்போறது நான்தான்."

மேடத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் ஆபரேட்டர் வரைபடத்தைப் பத்திரமாகச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"நானும் ஒரு வீட்டு மாப்பிள்ளைதானே மேடம்."