தலையைத் தாங்கும் இரண்டு விரல்

"எடுக்காதீங்கக்கா! நீங்க கையை எடுத்தா நான் கிளிக் பண்ண மாட்டேன்." ஸ்டூடியோவில் படம் பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்தவள் கத்துகிறாள். கம்பளிமேல், உள்ளங்கைகளில் முகவாயை ஊன்றியபடி பச்சைக் குழந்தை தூங்குகிறது. தாயின் இரண்டு விரல்கள் அதன் தலையைத் தாங்குகின்றன. "ஒரு செகண்டுதானே? சுவத்துல மாட்டியிருக்கிற படத்துல கை தெரியுதா?" என்று எகிறுகிறார் ஸ்டூடியோக்காரர். "அது கை பிடிச்சு எடுத்த ரெண்டு படத்தை ஒட்டி, கையை மறைச்சதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க! கழுத்து நிக்காத குழந்தை சார்." குழந்தைக்குக் குளிராமலிருக்க வைத்த ஹீட்டர் உறுமுகிறது. "ஒட்டிக்கிட்டு உக்கார எனக்கு நேரமில்ல. கேமராவை வச்சிட்டுக் கிளம்பு." அவள் வைக்கவில்லை, தாயின் விரல்களும் படத்தில் விழும்படியே பட்டனை அழுத்துகிறாள். கேமராத் திரையில், மஞ்சள் வெளிச்சத்தில், மடங்கிய ஒரு குட்டிக் காது. அதை ஒட்டி, நகம் கடித்த இரண்டு விரல்கள். "இதெல்லாம் ஒரு படமா?" என்கிறார் அவர். நீங்களே சொல்லுங்களேன், இது படமில்லையா?