தலைப்புவாரியாக

"பாலக்காட்டு ரயில் டிக்கெட் எந்தக் கட்டுல போகும்?" என்று கேட்டார் வேங்கடசுப்ரமணியன், துண்டுச் சீட்டை மூக்குக்கண்ணாடிக்கு நேரே பிடித்துக்கொண்டு.

"உங்களுக்கு எங்க தேடத் தோணுமோ அங்க வையுங்கோப்பா. இதுல சரி தப்பு ஒண்ணும் இல்லை" என்றாள் வந்தனா.

"சரி தப்பு இல்லாம என்ன வேலை இது?" மாமனார் அந்தச் சீட்டைக் கோவில்களோடு சேர்த்தார். "அங்க போறதே குலதெய்வத்துக்குத்தானே."

வந்தனா நோட்டில் குறித்துக்கொண்டாள். பிரவுசரில் சேர்த்து வைக்கும் பக்கங்களைத் தலைப்புவாரியாகப் பிரித்துக் காட்டும் எளிய திரை ஒன்றை அவள் வடிவமைக்க வேண்டும். வரைவதற்கு முன்னால், கம்ப்யூட்டர் அதிகம் தெரியாத ஒருவர் எதை எதோடு சேர்க்கிறார் என்று பார்த்துவிடுவது அவள் வழக்கம். அதற்காக மாமனாரும் பஞ்சாங்கம் பார்க்க எடுக்கும் வீட்டு லேப்டாப்பில் இருந்த புக்மார்க்குகளை எல்லாம் பிரிண்ட் எடுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு சீட்டாக நறுக்கி, சாப்பாட்டு மேஜையில் கொட்டியிருந்தாள்.

இருபது சீட்டு முடிந்த பிறகுதான் அவளுக்கு அது நினைவு வந்தது.

மூன்று வாரம் முன்பு, ஒரு மத்தியானம், இரண்டு பக்கங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். நாலு ஸ்டேஷன் தள்ளி, விக்ரோலியில் பெண்கள் தங்கும் விடுதி. கணவன் அடித்தால் புகார் செய்யும் முறை. போனில் வைக்க முடியாது. ஆபீஸிலிருந்து வந்ததும் கணவன் சந்திரமௌலி அதை வாங்கிப் பார்ப்பான். லேப்டாப்பில், 'ஐகான் மாதிரிகள்' என்ற ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் போட்டு ஒளித்திருந்தாள். பிரிண்டில் ஃபோல்டர்கள் எல்லாம் கலைந்து ஒரே பட்டியலாக வந்துவிட்டது. நறுக்கும்போது போனில் கிளையண்ட். அவள் எதையும் படிக்கவில்லை.

நாலடி தூரத்தில், சோபாவில், சந்திரமௌலி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போறும்ப்பா. இவ்வளவே எனக்குப் போறும்." மேஜையைக் கலைக்கக் கையை நீட்டினாள்.

"இரும்மா. முப்பத்தோரு வருஷம் ரெக்கார்டு செக்‌ஷன்ல இருந்தவன். பாதி ஃபைல்ல எழுந்துண்டதே கிடையாது."

நீட்டிய கையில் வளையல் மேலேறி, மணிக்கட்டில் மஞ்சள் பாரித்துக்கொண்டிருந்த தடம் வெளியே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு சீட்டுக்குத் திரும்பினார்.

போன வாரம் அடுக்களையில் தட்டு உடைந்தபோதும் இப்படித்தான். பேப்பரில் ஒரு பக்கம் திருப்பினார், அவ்வளவுதான். இந்த மனுஷருக்குப் பிள்ளை செய்வது எதுவும் கண்ணில் படாது.

அடுத்த சீட்டை எடுத்தவர் நெடுநேரம் படித்தார். எந்தக் கட்டு என்று கேட்கவில்லை. முழங்கைக்குக் கீழே கவிழ்த்து வைத்தார்.

மின்சார பில் ஒரு கட்டுக்குப் போயிற்று. அவியல் செய்முறை இன்னொன்றுக்கு. அதற்கடுத்தது மறுபடி முழங்கைக்குக் கீழே.

இரண்டும் அவர் கையில் சிக்கிவிட்டன. இனி பிள்ளையைக் கூப்பிடுவார் என்று வந்தனா காத்திருந்தாள்.

கூப்பிடாமலே வந்தான். டிவியில் விளம்பரம்.

"என்னப்பா, ரெண்டை மட்டும் கவுத்து வெச்சிண்டிருக்கே?"

"எதுல சேர்க்கறதுன்னு தெரியலை."

"குடு, நான் சொல்றேன்."

முழங்கை நகரவில்லை. "நீ சொன்னா அவ வேலை கெட்டுடும். தெரியாதவன் எங்க வைப்பான்னுதானே பாக்கறா. இல்லையா வந்தனா?"

"ஆமாம்" என்றாள்.

"பெரிய ரிசர்ச்." சந்திரமௌலி சிரித்தபடி அவள் நாற்காலி முதுகில் கையை ஊன்றினான். அவன் விரல்கள் அவள் கழுத்துக்குப் பக்கத்தில் தாளம் போட்டன. "மணி பன்னண்டு. குக்கர் வெக்கலை, மாமனாரும் நாட்டுப்பொண்ணும் சீட்டுக்கச்சேரி நடத்தறேள். எங்க, காமி."

"மௌலி, பிரஷர் மாத்திரை தீர்ந்துடுத்துடா. காலம்பறவே போட்டிருக்கணும்."

"இப்பவா? நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"தலையைச் சுத்தறது."

உச்சுக் கொட்டிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். வாசலில் நின்று திரும்பினான்.

"அந்த ரெண்டும் அப்படியே இருக்கட்டும். வந்து பாக்கறேன்."

லிஃப்ட் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அப்பா, அது… கிளையண்ட் குடுத்த சாம்பிள்" என்றாள் வந்தனா.

அவர் மீதமிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எதையோ தேடினார். அடியிலிருந்து ஒரு சீட்டை உருவி, கவிழ்த்து வைத்த இரண்டோடு சேர்த்து, மூன்றையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

வந்தனா புரட்டினாள். முதல் இரண்டும் அவளுடையவை.

மூன்றாவதில், 'மருமகள் சார்பில் மாமனார் புகார் கொடுக்கலாமா?' என்று இருந்தது.

அதை அவள் சேர்த்து வைத்திருக்கவில்லை.

வேங்கடசுப்ரமணியன் சிலிண்டர் புக்கிங் சீட்டையும் தண்ணீர் வரிச் சீட்டையும் அவற்றின் கட்டுகளிலிருந்து எடுத்து, தம் முழங்கைக்குக் கீழே கவிழ்த்து வைத்தார்.