ஏழு தடவை மருந்து

"சிலந்தியை எதுக்கும்மா எண்ணுறீங்க? புகையான் பூச்சியை எண்ணுங்க!" என்று வரப்பில் நின்றபடி சிரித்தார் பர்ஜோனோ.

பூச்சி ஆய்வாளர் ஹர்த்தினி நிமிரவில்லை. நெல் தூரை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஜாவா கிராமத்தில் அத்தனை வயலும் புகையான் சாறு உறிஞ்சியதால் கருகிக் கிடந்தது. நடுவில் பர்ஜோனோவின் வயல் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. இதென்ன கூத்து?

"தூருக்கு ஆறு சிலந்தி இருக்குங்க. பக்கத்து வயல்ல ஒண்ணுகூட இல்ல. எத்தனை தடவை மருந்து அடிச்சீங்க?"

"ஏழு! மத்தவனெல்லாம் நாலஞ்சோட நிறுத்திட்டான். நான் கிளிவோன் சந்தை கூடுற ராசியான நாளாப் பாத்துப் பாத்து அடிச்சேன். நாள் முக்கியமில்லையா?"

"முந்தியும் இங்க புகையான் உண்டா?"

"எங்கப்பா காலத்துல குருத்துப்பூச்சிதான். வருஷத்துக்கு மூணு போகம்னு ஆனதும் இந்தச் சனியன் வந்து உக்காந்துக்கிச்சு."

ஹர்த்தினிக்கு மண்டை குடைந்தது. புகையானைத் தின்பதே சிலந்திதான். ஏழு தடவை விஷம் விழுந்த வயலில் அது எப்படி உயிரோடு இருக்கும்?

அதற்குள் ஊர்த்தலைவர் வந்துவிட்டார். "சாயங்காலம் கூட்டம்மா. அடுத்த போகத்துக்கு ஊர் மொத்தமும் இவரு மாதிரியே ஏழு தடவை அடிக்கப் போறோம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

சொன்னால் மிச்சமிருக்கும் சிலந்தியும் செத்து, அடுத்த போகமும் போய்விடும் என்று அவள் பயந்தாள். வேண்டாம் என்று சொல்லவோ கையில் ஆதாரம் இல்லை. இந்தப் பச்சை வயலைக் காட்டியே வாயை அடைத்துவிடுவார்கள்.

பர்ஜோனோ தலைவரோடு பெருமை பேசிக்கொண்டே நடந்தார். பர்ஜோனோவின் மனைவி துமிரா தேநீர் டம்ளரை ஹர்த்தினியிடம் நீட்டினாள்.

"கூட்டத்துல சரின்னு சொல்லிடாதீங்கம்மா."

"ஏன்க்கா?"

"போன வருஷம் மருந்தடிச்சுட்டு வந்து ரத்தமா இருமினாரு. டாக்டர் எவ்வளவோ சொல்லியும் இந்த மனுஷன் கேக்கல. எனக்கு வேற வழி தெரியலம்மா." துமிரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டேங்க்ல கலந்து முதுகுல மாட்டிவிடுறது நான்தானே? வாசனைக்கு மூடியில ஒரு சொட்டு மருந்து தடவிடுவேன். உள்ள ஊத்தினது ஏழு தடவையும் வெறும் அரிசி கழுவின தண்ணிதான்!"