உள்ளூர்க் கல்லூரி

வெண்மணிக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இன்னொன்றுக்கு ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன் இறந்த அப்பாவின் உடலை, அவர் எழுதிவைத்திருந்தபடி, முதலாண்டு மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காக உள்ளூர்க் கல்லூரிக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அவள் வெளியூர்க் கடிதத்தைப் பையில் வைத்தாள். அம்மா அதை எடுத்து வெளியே வைத்தாள்.

“இங்கயே சேந்துரு பாப்பா.”

“எப்படிம்மா? அங்க மேசையில அப்பா கெடப்பாரு.”

“அதுக்குத்தான் சொல்றேன்.” அம்மாவின் உள்ளங்கை, தைலம் தேய்ப்பதுபோல் காற்றில் மெல்ல வட்டமிட்டது. “இடது தோளைத் தொட்டாலே அவரு வலி தாங்கமாட்டாரு. மத்த புள்ளைங்களுக்கு அது தெரியாதுல்ல.”